இல்லாத பிரேக்

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்தக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் சுவரைக் கட்டித் தழுவப் போனால், இவர் அதை மிதித்து எல்லோர் உயிரையும் காப்பாற்றுவார். அறுபது வயதில் வேலைக்கு முழுக்குப் போட்டார். கால் மட்டும் ஓய்வுபெற மறுத்துவிட்டது.

மருமகள் ஓட்டும் காரில் முன்னால் உட்கார்ந்தால் போதும், சிக்னலுக்குச் சிக்னல் கால்மிதியைத் தொம் தொம்மென்று மிதிப்பார். அங்கே பிரேக் ஏது? தேய்ந்தது அவர் முழங்கால்தான். அதைக் காட்ட வாராவாரம் ஆஸ்பத்திரி. கூட்டிப்போவதும் அதே மருமகள்; பின் இருக்கையில் நான். அங்கே கொஞ்சம் தேறுகிற கால், வீடு வந்து சேர்வதற்குள் பழையபடி ஆகிவிடும்.

அவளும் எத்தனை நாள்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்? போன வாரம் வண்டியை ஓரங்கட்டிவிட்டாள்.

"மாமா, பத்து வருஷமா ஓட்டறேன். வண்டியில ஒரு கீறல் விழுந்திருக்கா?"

"உன்னைச் சொல்லலம்மா. இந்தக் கால் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"இன்னொரு தடவ மிதிச்சீங்கன்னா, அத்தைகூடப் பின்னாடி உட்காந்துக்குங்க."

பின் இருக்கை! மனிதர் முகம் செத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. பாவம், அடுத்தவர் கைப்பிசகை எதிர்பார்த்தே ஆயுசைக் கழித்தவர்.

"பக்கத்துல இருக்கறவன் அசந்து தூங்கினாத்தான் ஓட்டறவங்க தேறினதா அர்த்தம்" என்று எங்கள் காதில் ரத்தம் வரும்வரை சொல்வார். அவர் யார் பக்கத்திலும் தூங்கியதில்லை.

இந்த வாரம் காரில் ஏறியதுமே காலைக் காலோடு பின்னிக்கொண்டார். முதல் சிக்னலில் சத்தமில்லை. அடுத்ததிலும் இல்லை. பின்னால் எனக்குத்தான் திக்திக்கென்றது. கடைத்தெரு முனையில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. மருமகள் அலுங்காமல் குலுங்காமல் வண்டியை நிறுத்தினாள்.

தொம்!

அவள் கோபமாகத் திரும்பினாள். மாமனார் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பின்னிய கால் பின்னியபடியே இருந்தது. மிதித்தது நான்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசல் வந்ததும், "எழுப்பட்டுமாம்மா?" என்றேன்.

"வேண்டாம் அத்தை, தூங்கட்டும். இன்னொரு சுத்து போயிட்டு வரலாம்." கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க மட்டும் காலத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்குங்க."