வட்டம் போடாத இடம்

நாடகக் குழுவில் அவளுக்கு 'டேப் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பின்னே? தொற்றுக் காலத்தில் அரங்கைத் திறக்க அனுமதி வந்த நாளிலிருந்து, மேடை நிர்வாகியான அவள் கையைவிட்டு அளவு டேப் இறங்கவேயில்லை. நடிகர்கள் நிற்க ஆறடிக்கு ஒரு சாக்பீஸ் வட்டம். முன்வரிசைகள் மூன்றும் காலி. "இவ்வளவு தூரத்துல நின்னு காதலிச்சா கல்யாணம் எப்பக்கா ஆகும்?" என்று கதாநாயக நடிகர் கேட்டதற்கும் அவள் மசியவில்லை.

மேடையின் முன்விளிம்பில், தரைக்குள் இறங்கிய மரக்கூண்டில் அவள் தம்பி உட்கார்ந்திருப்பான். வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பது அவன் வேலை. அவன் இருப்பதே வெளியே தெரியக் கூடாது என்பதால் குழுவில் யாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள். வருடக்கணக்கான பழக்கம். ஒத்திகையில் ஒரே ஒருமுறை அவள் பார்த்தாள். அவன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கியிருந்தான்.

"போட்டுக்கோடா."

"போட்டா நான் சொல்றது எவனுக்கும் கேக்கலக்கா."

நாடகம் நடந்தாக வேண்டுமே. விட்டுவிட்டாள்.

நாடகம் தொடங்கிய நான்காம் நாள் கதாநாயகனுக்குத் தொற்று உறுதியானது. அவர் அருகில் இருந்தவர்கள் யார் யார் என்று சுகாதார அலுவலகம் கேட்டது. வட்டங்கள் போட்ட வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பத்தொன்பது பேரை எழுதினாள். பெருக்குகிற அம்மாவைக்கூட விடவில்லை. கதாநாயகன் வசனம் முழங்கும்போதெல்லாம் எச்சில் தெறித்தது கூண்டுக்குள்தான். வரைபடத்தில் கூண்டு இல்லை. கூடப்பிறந்தவன் அவள் நினைவுக்கே வரவில்லை, பாவி.

பத்தொன்பது பேரும் பரிசோதனைக்குப் போனார்கள். தம்பி, "கிசுகிசுன்னு பேசிப் பேசியே தொண்டை கட்டிக்கிச்சு" என்று வீட்டில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான். அவளும் நம்பினாள். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அவளை உள்ளே விடவில்லை. நர்ஸ் வீடியோவில் அவனைக் காட்டினார். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது.

"கேக்கலடா" என்றாள், யோசிக்காமல்.

கேட்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கை மாஸ்க்குக்குப் போனது.

"எடுக்காதடா! ஐயோ, எடுக்காத!"

நர்ஸ் பதறிப்போய் அவன் கையைப் பிடித்தார். போன் கட்டாகிவிட்டது.

விடிந்ததும் செய்தி வந்தது. அவன் என்ன சொல்ல வந்தான் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.