ஒரே பெயரில் இரண்டு கல்

சாப்பாட்டு மேஜையில் தட்டுகளுக்கு நடுவே இரண்டு கல்லறைப் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு மாமனார் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவருக்குத் தன் கொள்ளுப்பாட்டி மட்டும் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். காலனி ஆட்சியில் கப்பலேறி வந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பம்தான் தங்கள் வேர் என்று அவர் தேட ஆரம்பித்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் அவரைத் 'தொரை' என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் உள்ளூர ஒரு குஷிதான்.

மருமகள் தோளில் குழந்தையோடு பரிமாறிக்கொண்டிருந்தாள். பிறந்து மூன்று மாதமாகியும் குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. பாப்பா, வாலு, சிடுமூஞ்சி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியே காலம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மனதில் ஒரு பெயர் இருந்தது. அது மூத்தவளுக்கு வைத்தது. மூத்தவள் ஒரு வயதுகூட முடியாமல் காய்ச்சலில் போய்விட்டாள். இவளுக்கும் அதையே வைக்கலாமா என்று ஆஸ்பத்திரியில் கணவனிடம் கேட்டாள். லிஃப்ட் மெக்கானிக் அவன். எத்தனை மாடி உயரத்தில் தொங்கினாலும் அசராதவன் அன்றைக்கு ஆடிப்போய்விட்டான். "அந்தப் பேர இனிமே எடுக்காத" என்றான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மூத்தவளைக் கடைசியாகக் கையில் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான்.

"கல்லு செதுக்கினவன் குடிச்சிட்டுச் செதுக்கியிருக்கான்மா" என்றார் மாமனார். "ரெண்டுலயும் அதே பேரு, அதே அப்பா அம்மா. ஒண்ணுல ரெண்டு வயசுல செத்துட்டாங்கறான். இன்னொண்ணுல அறுபது வயசுங்கறான். செத்தவ எந்திரிச்சு வந்து கல்யாணம் பண்ணி நம்ம வம்சத்தையே பெத்தாளா?"

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. குனிந்து படங்களைப் பார்த்தாள்.

"அறுபது வயசுக்காரங்க எப்போ பொறந்தாங்க மாமா?"

"அந்தக் கொழந்த செத்த மறு வருஷம். அதான் தப்புங்கறேன்."

"தப்பில்ல மாமா. அவங்க ரெண்டு பேரு. அக்கா தங்கச்சி."

"ஒரே பேர்லயா? யாரும்மா வைப்பாங்க?"

"பெத்தவ வைப்பா."

கணவனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய், வெயில் ஏறும் வரை பிரெஞ்சுக்காரர்களின் வரிசைகளைச் சுற்றிவிட்டு, சட்டையெல்லாம் நனைந்து வந்தார். மகன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழட்டும் என்றோ என்னவோ, சத்தமாகவே மருமகளிடம் சொன்னார்.

"நீ சொன்னதுதாம்மா சரி. இன்னும் நாலஞ்சு குடும்பத்துல பார்த்துட்டேன். அவங்ககிட்ட அப்படியொரு பழக்கம் இருந்திருக்கு. புள்ள போனாலும் பேரு வீட்ட விட்டுப் போகக் கூடாதுன்னு நெனச்சாங்க போல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, துக்கத்தால் அல்ல. முகம் தெரியாத அந்தப் பிரெஞ்சுக்காரியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. அவளும் ஒரு பிஞ்சை மண்ணில் வைத்தவள். அவளையும் நாலு பேர் தடுத்திருப்பார்கள். பயந்துகொண்டேதான் அந்தப் பெயரை வைத்திருப்பாள். அந்தப் பெயரை வாங்கிய இளையவளோ அறுபது வயது வரை இருந்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டு, இதோ இந்த மாமனாரும் கணவனும் குழந்தையும் உண்டாக வழி செய்துவிட்டுப் போயிருக்கிறாள். 'தாயே, நீ நல்லா இருக்கணும்' என்று, எப்போதோ செத்துப்போனவளை மனதுக்குள் வாழ்த்தினாள்.

அன்று ராத்திரி சமையலறையில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது குழந்தை அழுதது. கை கழுவுவதற்குள் கணவனின் காலடி கேட்டது. வாலு, வாலு என்றான். அழுகை அடங்கவில்லை. பிறகு அந்தப் பெயரைச் சொன்னான். இன்னொரு தடவை, சற்றுத் தெளிவாகச் சொன்னான்.

அவள் திரும்பவில்லை. குழாயை மூடினால் அவன் நிறுத்திவிடுவானோ என்று தண்ணீரை ஓட விட்டபடி, முழங்கை வரை சோப்பு நுரை வழிய, அப்படியே நின்றாள்.