யோசப்பினின் இரத்தத்தில் ஒட்டாத மருந்து

கிட்ட வந்து இருங்கள், என் செல்லங்களே. யாழ்ப்பாணத்துக் குருநகரில் மீன் விற்ற யோசப்பினின் கதையைச் சொல்கிறேன். இரத்தம் வருகிற கதைதான்; ஆனாலும் பயப்பட வேண்டாம், சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

எண்பத்து நான்காம் ஆண்டு. யோசப்பினுக்கு வயிற்றுக்குள்ளே எங்கேயோ இரத்தம் கசிந்தது. முகம் வெளிறி, மீன்கடகத்தைத் தூக்கவும் சீவன் இல்லாமல் போனாள். கசிகிற இடம் பிடிபடாமல் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே அவளுடைய இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, கதிர் வீசும் மருந்தொன்றைச் செவ்வணுக்களில் ஒட்டவைத்து, திரும்ப உடம்பில் ஏற்றிப் படம் பிடித்தார்கள். கசிகிற இடம் புள்ளியாகத் தெரியவேண்டும். தெரிந்ததோ வெறும் மங்கல். மருந்து அணுக்களில் ஒட்டாமல் தன்பாட்டில் திரிந்திருக்கிறது.

"வேறை மருந்து ஏதும் குடிக்கிறியளோ? சில மருந்து இதை அணுவிலை ஒட்டவிடாது," என்று கேட்டார் டொக்டர் தில்லைநாதன்.

"இல்லை ஐயா," என்றாள் யோசப்பின், கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு.

"இன்னொருக்கா எடுத்துப் பாப்பம். அதுவும் சரிவராட்டி வயித்தைத் திறந்துதான் தேடவேணும்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அடுக்களையில் இருந்து அழுதாள். புருஷன் கனிசியஸும் மாமி செபஸ்தியம்மாவும் ஓடிவந்தார்கள்.

"டொக்டருக்குப் பொய் சொல்லிப்போட்டன். அளவெட்டிப் பரியாரியாற்றை கசாயம் ஒளிச்சுக் குடிக்கிறனான். அதுதான் ஒட்டவிடேல்லை!"

கனிசியஸ் தலையைச் சொறிந்தான். "நானும் ஒரு சூரணம் வாங்கி உன்ரை கூழுக்குள்ளை கலக்கிறனான்..."

"கடவுளே! கூழ் கைச்சது உதாலையோ? நான் கூழுக்குள்ளை போட்ட திருக்கை மீன் பழுதெண்டெல்லோ நினைச்சன்!"

செபஸ்தியம்மா மெல்லப் பின்வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"மாமி, நில்லுங்கோ!"

"தேத்தண்ணிக்குள்ளை ரெண்டு சொட்டு எண்ணெய்தான் பிள்ளை. வல்வெட்டித்துறையிலை இருந்து எடுப்பிச்சது."

யோசப்பினுக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ரை உடம்பிலை ரத்தமே ஓடுது? மருந்துக்கடையெல்லோ ஓடுது!"

மாமி மாதா படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டாள். "இண்டைக்குத் தொடக்கம் உந்த மருந்துகளுக்கெல்லாம் தவசுகாலம், ஒண்டும் வாயிலை படக்கூடாது."

கனிசியஸ் போத்தல்களை அள்ளினான். "கடலிலை ஊத்திறன், மீனாவது சுகமா இருக்கட்டும்."

"பிறகு அந்த மீனைத்தானே பிடிச்சுக்கொண்டு வந்து எனக்குத் தருவியள்!"

அடுத்த முறை கொழும்புக்குப் போனபோது, யோசப்பின் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். டொக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இம்முறை மருந்து அணுக்களை விடாமல் பிடித்துக்கொண்டது. படத்தில், சிறுகுடலின் ஓரிடத்தில், சின்னஞ்சிறு பொட்டாகக் கசிவு தெரிந்தது. தேடி அலையாமல், அந்த இடத்தை மட்டும் வெட்டித் தைத்தார்கள். ஊர்க் கோயிலின் யாகப்பர் திருநாளுக்கு முதலே யோசப்பின் கடகத்தோடு தெருவில் இறங்கி, விலை குறைத்துக் கேட்டவர்களோடு பழையபடி வாய்ச்சண்டையும் பிடித்தாள்.

உங்கள் வீட்டாரும் நோய்நொடியில்லாமல், ஒருவரிடம் ஒருவர் ஒளிக்க ஒன்றுமில்லாமல், கலகலவென்று நீடு வாழட்டும், என் கண்மணிகளே.