கொல்லையில் நின்ற நான்கு மாடுகள்

"டாக்டர் போற வரைக்கும் நீ கொல்லையை விட்டு வரக் கூடாது," என்றாள் மாமியார். "புருஷனை முழுங்கினவ மூஞ்சில முழிச்சா எந்தக் காரியம் உருப்படும்?"

மூத்த மருமகள் மாடுகளுக்கு வைக்கோலை உதறிப் போட்டாள். ஆறு வருடமாகக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு. காய்ச்சலில் செத்தவனை இவள் விழுங்கினாளாம். அவன் விட்டுப்போன நான்கு குட்டை மாடுகளை ஒண்டியாய் நின்று காப்பாற்றியது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அழிந்துகொண்டிருந்த நாட்டு மாட்டினம் ஒன்றைப் பதிவு செய்யத்தான் மாட்டு டாக்டர் வந்திருந்தார். பதிவானதற்கு மாதாமாதம் அரசுப் பணம் வரும்; ஆனால் விற்க முடியாது. பதிவாகாததை இந்த வாரமே கறிக்குத் தள்ளிவிடப் போவதாகக் கொழுந்தன் சொல்லியிருந்தான். அவன் வாசலில் நிறுத்தி வைத்திருந்ததோ மடி பெருத்த மூன்று பெரிய மாடுகளை. அபூர்வம் என்றால் பெரிதாகத்தான் இருக்கும் என்று அந்த மேதாவி முடிவு கட்டியிருந்தான். குட்டைகள் அண்ணியோடு கொல்லையில் கிடந்தன.

டாக்டர் நாடா வைத்து அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மூணும் கலப்பு. நான் தேடுறது இடுப்பு உயரந்தான் இருக்கும்."

அந்நேரம் பார்த்துக் கொல்லையிலிருந்து ஒரு மாடு கத்தியது. அவர் யாரையும் கேட்காமல் அந்தப் பக்கம் நடந்தார். வழி மறிக்கப் பார்த்த மாமியார் பின்னாலேயே ஓடினாள்.

நான்கையும் அளந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "துளிக் கலப்பு இல்ல. இதுங்களையா ஒளிச்சு வச்சிருந்தீங்க? யாரு சொந்தக்காரர்?"

"நான்தாங்க," என்றான் கொழுந்தன் கூசாமல். "இவங்க சாணி அள்ளுறவங்க."

டாக்டர் அவன் பெயரை எழுதிக்கொண்டார். "இது எத்தனையாவது ஈத்து?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான்.

"சரி, காதுல அடையாள வில்லை மாட்டணும். பிடிங்க."

பிடிக்கப் போனவனின் முழங்காலில் விழுந்தது ஓர் உதை. சாணியில் உட்கார்ந்தபடியே, "அண்ணி, வந்து பிடிங்க," என்றான்.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "சொந்தக்காரர் பிடிக்கட்டும் தம்பி. இன்னும் மூணு பாக்கி இருக்கு."

"திமிரப் பாரு," என்று பல்லைக் கடித்தாள் மாமியார்.

டாக்டர் எழுதியதை அடித்தார். "உங்க பேரு என்னம்மா?"

அந்த வீட்டில் அவளை மூதேவி என்று கூப்பிட ஆளிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் போய்ச் சேர்ந்துவிட்டான். தன் பெயரை அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவர் எழுதி முடித்ததை எட்டிப் பார்த்த பிறகுதான் மாட்டின் கழுத்தில் கை வைத்தாள். அது அசையாமல் நின்றது.

"இவ பேரு எழுதின மாட்டுப் பாலு என் தொண்டையில இறங்காது," என்றாள் மாமியார்.

"ஆறு வருஷமா இறங்கினதெல்லாம் யாரு கறந்த பாலு அத்தை?"

மருமகள் அடுத்த மாட்டை அவிழ்க்கப் போனாள்.