கை வைத்து ஜெபித்த எண்ணெய்

அன்றைக்கு அவள் ஒட்டிய நாற்பத்தெட்டு கைகளும் தலைகீழாகப் போய்விட்டன.

கை என்றதும் பயந்துவிடாதீர்கள். லேபிளில் அச்சடித்த கைதான். தங்க நிறத்தில், ஐந்து விரலும் விரித்து, ஆசீர்வாதம் கொடுக்கிற மாதிரி நிமிர்ந்து நிற்கவேண்டிய கை. அதற்குக் கீழே வளைவாக ஒரு வரி: 'கை வைத்து ஜெபிக்கப்பட்டது'. லேபிள் தாளைத் தலைமாற்றி வைத்துக்கொண்டு, கவனம் எங்கேயோ இருக்க, ஒரு பெட்டி முழுக்க அவள் ஒட்டித் தள்ளிவிட்டாள். கவிழ்ந்த கை எப்படி இருந்தது தெரியுமா? யாருடைய சட்டைப் பையிலோ விரலை விட்டுத் துழாவுகிற மாதிரி இருந்தது.

அவளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆறாம் மேசை என்பார்கள். பெரிய ஜெப மண்டபத்துக்கு அடியில், நிலவறையில் நீளமாக ஒரு கூடம். அதில் ஏழு மேசைகள். முதல் மேசையில் தகர டின்னிலிருந்து எண்ணெயைக் குட்டிப் பாட்டில்களில் இறக்குவார்கள். அடுத்தடுத்து மூடி, துடைப்பு, முத்திரை, தேதி. ஆறாவதில் இவள் லேபிள் ஒட்டுவாள். ஒட்டினால் மட்டும் போதாது. உள்ளே காற்றுக் கொப்புளம் நிற்காமல் உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். ஏழாம் மேசையில் பெட்டியில் அடுக்கி லிஃப்டுக்குள் தள்ளி, மேலே போகிற பொத்தானை அழுத்திவிடுவார்கள்.

அந்தப் பெட்டி எங்கே போகிறது என்று எட்டு மாதமாக அவளுக்குச் சந்தேகமே இல்லை. சேர்ந்த முதல் நாள் மேலாளர் விரலை மேலே காட்டி, 'மேல போனதும் ஐயா பார்த்துக்குவார்' என்று சொல்லியிருந்தார். அதுபோதும் அவளுக்கு. மேலே ஒரு ஜெப அறை இருக்கிறது, அங்கே ஐயா முழங்காலில் நின்று ஒவ்வொரு பாட்டிலாகத் தொட்டு ஜெபிக்கிறார் என்று மனசுக்குள் அறையையே கட்டி, ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துப் போட்டுவிட்டாள்.

ஐயா என்பது பிரசங்கம் செய்கிற பெரிய ஊழியக்காரர். மண்டபம் அவருடையது, தொலைக்காட்சி நிகழ்ச்சி அவருடையது. அவருடைய காரின் கதவு யாரும் தொடாமலே மூடிக்கொண்டதை முதல் வாரம் பார்த்தபோது, அதையும் அற்புதங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டவள் இவள். அவ்வளவு வெள்ளை மனசு.

கூடத்தில் 'விலை' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. முதல் மேசைக்குப் புதிதாக வந்தவள் ஒரு தடவை பாட்டில் என்ன விலை என்று கேட்டுவிட்டாள். மேலாளர் உச்சுக் கொட்டி, இது கடையில்லை, ஊழியம், காணிக்கை என்று சொல்லப் பழகு என்றார். அவர் தலை மறைந்ததும் மூன்றாம் மேசைக்காரி, வாய் சும்மா இருக்குமா, காணிக்கை குறைந்தால் பாட்டிலும் குறுகிவிடுகிறதே, அதையும் பரிசுத்த ஆவியானவரா செய்கிறார் என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆறாம் மேசை மட்டும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அவள் வீட்டில் அந்த எண்ணெயை நம்பி ஒரு ஜீவன் இருந்தது. அவளுடைய அக்கா.

அக்காவும் தங்கையுமாக இரண்டே பேர், இரண்டு அறை வீடு. அக்கா திரைச்சீலை தைக்கிறவள். அவள் கண்ணில் அழுத்தம் என்று மருத்துவர் சொல்லி மூன்று வருடம். காலையும் மாலையும் சொட்டு மருந்து விடவேண்டும், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்பது உத்தரவு. தங்கை வேலைக்குச் சேர்ந்த மாதமே, வேலைக்காரர்களுக்கென்று கொடுத்த பாட்டிலைப் பொக்கிஷம் மாதிரி கொண்டுவந்து நீட்டினாள். முதலில் அக்கா இரண்டையும்தான் வைத்துக்கொண்டாள். சொட்டு மருந்து கண்ணுக்குள், எண்ணெய் இமைமேல். தங்கைதான் ஐயாவின் பேச்சை வீட்டுக்கு எடுத்து வந்தாள். அரை நம்பிக்கை நம்பிக்கையே இல்லை, அக்கா. ஒரு கையில் மருந்தும் ஒரு கையில் ஜெபமும் வைத்துக்கொண்டிருந்தால் ஆண்டவர் எந்தக் கையைப் பிடிப்பார்? இப்படிச் சொன்னது அவள் வாய்தான். ஐந்து மாதத்துக்கு முன்னால் அக்கா சொட்டு மருந்தை நிறுத்தினாள்.

அதற்குப் பிறகும் அக்கா ஊசியில் நூலை ஒரே குத்தில் கோத்துக் காட்டுவாள். 'பாருடி, கண்ணு ஜம்முனு இருக்கு' என்பாள். ஆனால் மேசை ஓரத்துத் தம்ளர்கள் அடிக்கடி விழ ஆரம்பித்தன. கதவு நிலையில் தோள் இடித்தது. அன்று காலை பக்கத்தில் நீட்டிய ரொட்டித் தட்டை அவள் கவனிக்கவே இல்லை; தட்டு கீழே போனது. கையில் வெண்ணெய் என்று சொல்லி அக்கா சிரித்தாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நினைப்பிலேயே வேலைக்கு வந்து, அந்த நினைப்பிலேயே ஒட்டியதுதான் நாற்பத்தெட்டு கவிழ்ந்த கைகள்.

அடுத்த தாளை எடுக்கும்போதுதான் தப்புத் தெரிந்தது. அதற்குள் பெட்டி மேலே போய்விட்டது. அவளுக்கு வேலை போய்விடும் என்ற பயத்தைவிட வேறொரு பயம். இந்தக் கோலத்தில் ஐயா தொட்டு ஜெபித்துவிட்டால், கவிழ்ந்த ஜெபமாகிவிடாதா? அவளுடைய கவலையைப் பாருங்கள். ஏப்ரனோடு படிக்கட்டில் ஓடினாள்.

மேலே, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறைக் கதவைத் தள்ளினால், உள்ளே பாட்டுப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. எடை பார்க்கும் மேடை, ஒட்டுநாடாச் சுருள்கள், முகவரிச் சீட்டு துப்புகிற ஒரு சின்ன இயந்திரம். எதிர்ப்பக்கத்தில் அகலமான ஷட்டர் கதவு திறந்திருக்க, வெளியே லாரியின் பின்புறம். காதில் பேனா சொருகிய பார்சல்காரர் அவளுடைய பெட்டியை அப்போதுதான் ஒட்டி முடித்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"அண்ணே, இந்தப் பெட்டிக்கு ஜெபம் முடிஞ்சுதா?"

"டேப் போட்டாச்சும்மா. நீங்க எதைக் கேக்குறீங்க?"

அவள் ஜெப அறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே யோசித்தார். இடது பக்கம் கழிப்பறை, வலது பக்கம் கணக்கு எழுதுகிறவர்கள், அதற்கு மேலே மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி என்று விரல் விட்டுச் சொன்னார். ஏழு வருடமாக இந்த இடத்தில் நிற்பதாகவும், அவள் சொல்கிற அறையைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

"அப்போ ஐயா இங்கயே வந்து ஜெபிப்பாரா?"

"வந்தாரே. ஒரு தடவை. லிஃப்ட் திறப்பு விழாவுக்கு."

அவளுக்குக் காது அடைத்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நாடாவைக் கிழித்துப் பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். பார்சல்காரர் பதறி மேலாளரைக் கூப்பிட்டார்.

மேலாளர், ஐயாவின் மனைவியுடைய தம்பி. கெட்டவர் மாதிரி இருக்கமாட்டார். பண்டிகைக்கு முன்பணம் கேட்டால் கொடுக்கிறவர். பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. போகட்டும், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று பார்சல்காரரிடம் தலையை ஆட்டினார். பெட்டி மறுபடி ஒட்டப்பட்டு லாரிக்குள் போனது. அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"யாரு சார் கை வச்சு ஜெபிக்கிறது?"

"ஏம்மா, காலையில வேலைக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து ஜெபம் பண்றீங்களா இல்லையா?"

"பண்றோம்."

"அப்புறம் பாட்டில் மேல கை வச்சுத் தேய்க்கிறது யாரு?"

அவள் கண் அவர் கையிலிருந்த பாட்டிலுக்குப் போனது.

"கை வச்சாச்சு, ஜெபம் பண்ணியாச்சு. லேபிள்ல என்ன பொய் இருக்கு, சொல்லு. யார் கைன்னு நாங்க போடவே இல்லையே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஐயாவும் மனுஷன்தாம்மா. ஒரு நாளைக்கு நாலாயிரம் பாட்டில். கை வலிக்காதா?"

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பசை காய்ந்து, ரேகைகளின்மேல் மெல்லிய தோல் மாதிரிப் படிந்திருந்தது. இந்தக் கையா? காலையில் வெங்காயம் நறுக்கிய கை, பேருந்தில் கம்பியைப் பிடித்த கை, இதையா எட்டு மாதமாக அக்கா இமைமேல் தடவிக்கொண்டிருக்கிறாள்?

எங்கள் அக்கா மருந்தை நிறுத்திவிட்டாள் சார் என்று மட்டும் அவளால் சொல்ல முடிந்தது. ஐயா கையை நம்பி.

மேலாளர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் அவர் ஏதாவது வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம்.

"மருந்தை நிறுத்தச் சொல்லி லேபிள்ல எங்க போட்டிருக்கு?" என்றார். பிறகு அலமாரியைத் திறந்து, "இந்தா, அக்காவுக்குப் பெரிய பாட்டிலாக் கொண்டு போ. காணிக்கை வேண்டாம்" என்று நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கவிழ்ந்த கை ஒட்டிய பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. நல்ல வெயில், அறை முழுக்க வெளிச்சம். ஜன்னலோரம் அக்கா தையல் இயந்திரத்தில் குனிந்திருந்தாள். நீல நிறத் திரைச்சீலை ஒன்று அவள் மடியிலிருந்து தரையில் வழிந்து கிடந்தது. தங்கை வாசலில், அக்காவுக்கு வலது பக்கத்தில் நின்றாள். வழக்கமாக அவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, 'என்னடி சீக்கிரம்?' என்று கேள்வி வரும். வரவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தாள். அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஓர் அடி. இப்போது கையை நீட்டினால் தோளைத் தொடலாம். நீட்டினாள். அக்காவின் காதோரத்தில் விரல்களை விரித்து மெதுவாக ஆட்டினாள். இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. தையல், நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. ஒரு முழத் தூரத்தில் ஆடுகிற கை அந்தக் கண்ணுக்கு இல்லவே இல்லை.

கையை இறக்கிக்கொண்டாள். நடந்து போய் இயந்திரத்துக்கு நேர் எதிரே நின்றாள்.

"அம்மாடி," அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "பூனை மாதிரி எப்போடி வந்தே?"

தங்கை தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். லிஃப்டைச் சொன்னாள், லாரியைச் சொன்னாள், நாற்காலி போட்டதைச் சொன்னாள். அக்கா முதலில் நம்பவில்லை. யாரோ மேசைக்காரி வயிற்றெரிச்சலில் கதை கட்டியிருப்பாள் என்றாள். பிறகு, ஐயாவுக்கே தெரியாமல் மச்சான் செய்கிற வேலையாக இருக்கும் என்றாள். மனசு ஒரு கட்டிடத்தை இடிக்க விடுமா? தூண் தூணாகக் கட்டிப் பிடித்துக்கொண்டாள் பாவம்.

கடைசியில் தங்கை பாட்டிலை அவள் கையில் வைத்தாள்.

"இதுல இருக்கிறது என் கைதான்க்கா. அரை நம்பிக்கை ஆகாதுன்னு உன்கிட்ட சொன்னதும் நான்தான்."

அக்கா பாட்டிலை முகத்துக்கு நேரே கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தாள். எழுத்தெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது, அதுதான் கொடுமை. நடுவில் இருப்பது தெரிகிறது, ஓரத்தில் இருப்பவர்கள்தான் இல்லாமல் போகிறார்கள். அப்புறம் தன் கையைத் தானே பக்கவாட்டில் விரித்து, மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். எந்த இடத்தில் விரல் கண்ணுக்குள் நுழைகிறது என்று அளந்தாள். இரண்டு பக்கமும் அளந்தாள். தங்கைக்கு அதைப் பார்ப்பதைவிடக் கன்னத்தில் ஓர் அறை விழுந்திருக்கலாம் என்று இருந்தது.

"மண்ணுல எச்சிலைக் குழைச்சு ஒரு குருடன் கண்ணுல தடவினாரே நம்ம ஆண்டவர்," என்றாள் அக்கா, மிகவும் மெதுவாக. "அந்த மண்ணை அவர் பாட்டில்ல அடைச்சாரா? போய்க் கழுவிக்கோன்னுதானே அனுப்பினார்."

பாட்டிலைத் திறந்து மோந்தாள். மெஷினுக்குக்கூட ஆகாது, பிசுக்குப் பிடித்துவிடும் என்று முணுமுணுத்தாள். மூடி வைத்தாள்.

"மத்த நாற்பத்தேழு?"

"லாரி போயிடுச்சுக்கா."

"முதல்ல என் கண்ணைப் பார்ப்போம். அப்புறம் அந்த நாற்பத்தேழையும் பார்ப்போம். உனக்குத்தான் வேலை இல்லையே இனிமே."

அன்று சாயங்காலத்துக்குள் கண் மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். ஒரு பெட்டிக்குள் தலையை வைக்கச் சொல்லி, ஒளிப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே உட்கார்ந்திருந்த தங்கைக்கு அந்தப் பொத்தான் சத்தம் கேட்டது. நீளமான இடைவெளிகள் விட்டுவிட்டுக் கேட்டது. மருத்துவர் ஒரு தாளைக் காட்டினார். வட்டத்துக்குள் ஓரமெல்லாம் கறுப்பு; நடுவில் ஒரு சாவித் துவாரம் அளவு வெள்ளை. போனது போனதுதான், திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று அவர் கேட்டபோது தங்கை வாயைத் திறந்தாள். அக்கா முந்திக்கொண்டு, நானாகத்தான் நிறுத்தினேன் என்றாள்.

செவிலியர் புது மருந்தைப் பிரித்துத் தங்கையிடம் கொடுத்து, வீட்டில் இனிமேல் நீங்கள் விடுவதுதான் நல்லது, இப்போதே ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்றாள். தங்கைக்கு விரல் வளையவில்லை. செவிலியர் அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சரி செய்தாள்.

"பயப்படாதீங்க. நெத்தியில கை வைங்க. நல்லா அழுத்தி வைங்க. கீழ் இமையை லேசா இழுங்க. ஒரே ஒரு சொட்டு."

அக்கா அண்ணாந்திருந்தாள். தங்கை அந்த நெற்றியில் கை வைத்தாள். பசை இன்னும் முழுசாகப் போயிருக்கவில்லை. தோலோடு தோல் ஒட்டியது.

"கை வச்சாச்சு," என்றாள் அக்கா, கண்ணை மூடாமல். "ஜெபம் எங்கடி?"

எட்டு மாதமாகத் தினமும் காலையில் மடமடவென்று வந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "மன்னிச்சிடுங்க" என்பது மட்டும் வந்தது.

"ஆண்டவர்கிட்டக் கேக்குறியா, என்கிட்டக் கேக்குறியா?"

"ரெண்டு பேர்கிட்டயும்."

"அவர் என்ன சொல்றார்னு எனக்குத் தெரியாது," என்றாள் அக்கா. "நீ கையை ஆட்டாமச் சொட்டை விடு."