எல்லையில் மடக்கிய மூட்டை

என் அண்ணன் கமாலுதீன் ஒரு வேளைத் தொழுகையும் விடமாட்டான். ஆனால் செவ்வாய்தோறும் ஊர் எல்லையில் நிற்பான். பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி கொண்டுவரும் நெசவாளிகளை, திருத்தணிச் சந்தை விலை அவர்கள் காதில் விழுமுன் மடக்கிவிடுவான். அன்று பாஞ்சாலி என்ற நெசவாளியின் மூட்டையைப் பாதி விலைக்கு வாங்கிவந்தான். சந்தையில் விலை கேட்டவள் அழுதுகொண்டே எங்கள் கடைக்கு வந்தாள்.

“மூட்டையக் குடுத்துடு பாய். ஒரு மாசம் தறியில குந்திகினு நெய்ஞ்சது.”

“பேசி முடிச்சாச்சு, போம்மா,” என்றான் தொப்பியைச் சரிசெய்தபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சரக்கு கொண்டுவர்றவங்கள வழியிலயே மடக்கக் கூடாதுன்னு நபி சொல்லியிருக்காங்க. மடக்கினா, சந்தைக்கு வந்து விலை தெரிஞ்சதும் வித்தவங்க பேச்ச முறிச்சுக்கலாம். அது மட்டும் உன் காதுல ஏறலையா?”

“பி.ஏ. படிச்சதும் மார்க்கம் சொல்ற ஹஜ்ரத் ஆயிட்டியா? உனக்கு வியாபாரம் இன்னா தெரியும்?”

“வியாபாரம் தெரியாது. வழிப்பறி எதுன்னு தெரியும்.”

கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்த அண்ணன் மூட்டையைவிட்டு விலகி நின்றான். அவன் தந்த நோட்டுகளைப் பாஞ்சாலி கல்லாப்பெட்டிமேல் வைத்தாள். மூட்டையை நானே தூக்கி அவள் தலையில் ஏற்றினேன்.

அடுத்த செவ்வாய் ஊர் எல்லையில் அவனுக்கு முன்பே நான் நிற்பேன், சந்தை விலையைக் கூவிக்கொண்டு.