ஐம்பத்தெட்டு மதிப்பெண் தங்கக் காசு

ஆரின் ஹோஸ்டெட்லரின் நாற்பது வருஷச் சேகரிப்பில் மிஞ்சியது ஒரே ஒரு காசு. 1855-ல் அமெரிக்காவின் டலோனேகா நாணயச் சாலையில் அடித்த ஒரு டாலர் தங்கக் காசு. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மற்றச் சின்னத் தங்கக் காசுகளெல்லாம், இரண்டரை டாலரும் மூன்று டாலரும், மனைவி வெர்னா பக்கவாதத்தில் விழுந்த பிறகு காப்பகச் செலவுக்காக ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

அவள் இருந்த காப்பகம் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. தினமும் நடந்தே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கண் மங்கியதால் கார் ஓட்டும் உரிமம் போய்விட்டது. பணம் தீர்ந்தால் அவளை அரசாங்கக் காப்பகத்துக்கு மாற்றிவிடுவார்கள். அது நாற்பது மைல். அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

காசு, முப்பது வருஷத்துக்கு முன் தரம் பார்க்கிறவர்கள் முத்திரையிட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. எழுபதுக்கு ஐம்பத்தெட்டு மதிப்பெண். காசுக் கடைக்காரன் க்ளீட் பார்த்தவுடனே செக் புத்தகத்தை எடுத்தான். ஒன்றரை வருஷக் காப்பகச் செலவுக்குக் காணும்.

"இது அறுபத்தொண்ணு தேறும்," என்றார் ஆரின். "அந்தக் காலத்துல கஞ்சத்தனமா மார்க்கு போட்டானுங்க. பெட்டிய உடைச்சு மறுபடி அனுப்பினா மூணு வருஷத்துக்கு ஆகும்."

"பெருசு, இது பழைய பெட்டி. அதைச் சீண்டாதீங்க. அப்படியே குடுத்துடுங்க."

"நாப்பது வருஷமா காசு பாக்குறேன். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"கண்ணு தெரியலன்னு லைசென்ஸப் புடுங்கிட்டான். நீங்க காசுக்கு மார்க்கு போடுறீங்க."

காசு சேர்க்கிறவர்களுக்கென்றே உள்ள வியாதி இது. தன் பிள்ளைக்கு வாத்தியார் மார்க்கைக் குறைத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகிற தகப்பன்மார்தான் எல்லோரும். ஆரின் சமையலறை மேசையில் துண்டை விரித்து, குறடால் பெட்டியின் ஓரத்தை நெரித்தார். காசில் ஒரு கீறல் விழவில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு.

தரம் பார்க்கிறவர்களுக்கு அனுப்பிய காசு ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அறுபத்தொன்றும் இல்லை, ஐம்பத்தெட்டும் இல்லை. மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் 'முன்னர் துலக்கப்பட்டது' என்று ஒரு வரி. எந்தக் காலத்திலோ யாரோ பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஏதோ பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்த காசுக்கு மதிப்பெண்ணே கிடையாது, விலையும் விழுந்துவிடும். முப்பது வருஷத்துக்கு முன் தரம் பார்த்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. பெட்டி மூடியிருந்தவரை உலகமே ஐம்பத்தெட்டு என்று நம்பியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

க்ளீட் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தான். இந்தத் தடவை கேலி பண்ணவில்லை.

"ரெண்டு மாசச் செலவுக்கு வரும்," என்றான். "அதுவும் உங்களுக்காக."

மறுநாள் வெர்னாவிடம் சொன்னார். அவளுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததே தவிர, புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

"பெட்டிய உடைச்சியா?"

"உடைச்சேன்."

"எத்தன மார்க்கு கூட வரும்னு?"

"மூணு."



"உடைக்காம வித்திருந்தா?"

"ஒன்றரை வருஷம் இங்கயே இருந்திருக்கலாம்."

"எனக்கு மிஞ்சிப்போனா ஒரு வருஷம்னு டாக்டர் சொன்னப்ப நீயும்தான பக்கத்துல நின்ன, ஆரின்? அந்த ஒன்றரை வருஷமே போதுமே."

டாக்டர் சொன்னதை அவர் அன்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நம்பத்தான் இல்லை.

"நீ மூணு வருஷம் இருப்பேன்னு நெனச்சேன்," என்றார்.